பன்னிரண்டு தூணும் இரண்டு கார்டும்: 3060, 4060 மாற்றிப் போட்டுப் பார்த்த ஒரு வாரம்

எங்கள் ஊர்க் கோயிலில் பன்னிரண்டு தூண் மண்டபம் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு தூணையும் சுற்றிச் சுற்றிப் படமெடுத்து, அந்தப் படங்களிலிருந்து முப்பரிமாண மாதிரி செய்து, பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் மண்டபமாக நிறுத்திக்கொண்டு வருகிறேன். ஒரு வருடமாக என் ஞாயிற்றுக்கிழமைகள் இதில்தான் போகின்றன. கணினியில் இருக்கும் கிராபிக்ஸ் கார்டு என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி மெமரி. அக்கா மகன் புதிதாக அதற்கு அடுத்த தலைமுறை ஆர்டிஎக்ஸ் 4060 வாங்கியிருந்தான். "பரீட்சை முடியுற வரைக்கும் நீங்களே வச்சிருங்க மாமா, போட்டுப் பாருங்க" என்று கொடுத்தான். மாற்றிவிடலாமா என்ற யோசனை எனக்கும் இருந்ததால் ஒரு வாரம் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன்.

காகிதத்தில் இருப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 3060 வந்தது 2021 பிப்ரவரியில். சாம்சங்கின் 8 நானோமீட்டர் முறையில் செய்த சில்லு, 3584 கூடா கோர் (கணக்குப் போடும் சிறு அலகுகள்), 170 வாட். 4060 வந்தது 2023 ஜூனில். டிஎஸ்எம்சியின் 4என் முறை, 3072 கோர், 115 வாட். கோர் குறைந்திருக்கிறதே என்று தோன்றும். ஆனால் பழையது 1777 மெகாஹெர்ட்ஸ் வரை போனால் புதியது 2460 வரை போகிறது. கோரையும் வேகத்தையும் பெருக்கிப் பார்த்தால் புதியது கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு முன்னால் நிற்கிறது.

மெமரியில் கதை திரும்புகிறது. 3060இல் மெமரிக்குப் போகும் பாதை 192 பிட் அகலம், ஒவ்வொரு பிட்டுக்கும் நொடிக்கு 15 ஜிபிட் வேகம். இரண்டையும் பெருக்கி எட்டால் வகுத்தால் நொடிக்கு 360 ஜிபி. 4060க்கு 128 பிட், 17 ஜிபிட்; அதே கணக்கில் 272 ஜிபி. குறுகிப்போன வழியை ஈடுகட்ட சில்லுக்குள் இருக்கும் சிறு மெமரியான எல்2 கேஷை 3 எம்பியிலிருந்து 24 எம்பியாக்கி இருக்கிறார்கள். அடிக்கடி தேவைப்படுவது சில்லுக்குள்ளேயே கிடைத்துவிடுவதால் பல வேலைகளில் இந்தக் குறை தெரிவதில்லை. கொள்ளளவு மட்டும் 8 ஜிபிதான். கேஷ் எவ்வளவு இருந்தாலும் அதற்கு ஈடாகாது.

சோதனையை ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். கார்டை மாற்றும் ஒவ்வொரு முறையும் டிரைவரைச் சுத்தமாக நீக்கிவிட்டு, ஒரே பதிப்பைத் திரும்ப நிறுவினேன். பிளெண்டரில் நாய்ஸ் திரெஷோல்டை அணைத்தேன், இல்லாவிட்டால் எத்தனை சாம்பிள் (ஒரு புள்ளிக்கு எத்தனை முறை ஒளியைக் கணக்கிடுவது) என்பதை அதுவே முடிவு செய்துகொள்ளும். சாம்பிள் 512, புள்ளி புள்ளியான இரைச்சலைத் துடைக்கும் டீநாய்ஸ் கிடையாது. முதல் நாள் எண்களை அப்படியே தூக்கிப் போட வேண்டியதாயிற்று. டிரைவர் மாறியபின் முதல் ரெண்டரில், அதாவது மாதிரியைப் படமாகக் கணக்கிடும் முதல் ஓட்டத்தில், கார்டில் ஓடும் நிரல் (கெர்னல்) தயாராகும் நேரமும் சேர்ந்துவிடுகிறது என்று பிறகுதான் உறைத்தது. அதன்பின் முதல் ஓட்டத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஒற்றைத் தூண், அதன் பரப்பில் ஒட்டும் படம் (டெக்ஸ்சர்) 4கே: 3060இல் 2 நிமிடம் 16 நொடி, 4060இல் 1 நிமிடம் 40 நொடி. கோர் கணக்கு சொன்னதைவிட வித்தியாசம் அதிகம். ஒளிக்கதிர் எதில் படுகிறது என்று தேடும் ஆர்டி கோர் 4060இல் ஒரு தலைமுறை புதியது. பிளெண்டருக்குள் படத்தைக் கணக்கிடும் சைக்கிள்ஸ் பெருமளவு அந்தத் தேடலில்தான் ஓடுகிறது. மின்சாரம் அதைவிட ஆச்சரியம். 170 வாட்டில் 136 நொடி, 115 வாட்டில் 100 நொடி. அதே படத்துக்குக் கார்டு இழுத்தது ஏறக்குறைய பாதி. சித்திரை வெயிலில் சின்ன அறைக்குள் உட்கார்ந்து ரெண்டர் செய்கிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். அன்று மாலை நான் கிட்டத்தட்ட முடிவே செய்துவிட்டேன்.

மறுநாள் முழு மண்டபத்தையும் திறந்தேன். 3060இல் 9 நிமிடம் 10 நொடி. 4060இல் பாதி தாண்டவே அவ்வளவு நேரமாகி, முடிந்தபோது 16 நிமிடம் 30 நொடி. இரண்டாம் முறையும் அதேதான்.

காரணம் டெக்ஸ்சர். மண்டபத்தில் போட்டிருக்கும் 8கே படம் ஒவ்வொன்றும் வட்டில் ஜேபெக்காகச் சுருங்கிச் சிறிதாகத்தான் இருக்கும். கார்டுக்குள் போகும்போது சைக்கிள்ஸ் அதை முழுதாகப் பிரித்து வைக்கிறது: 8192 பெருக்கல் 8192, புள்ளிக்கு நான்கு பைட், ஆக 256 எம்பி. தூணுக்கு நிறம் ஒன்று, மேடு பள்ளம் காட்டும் நார்மல் ஒன்று என்று இரண்டு. பன்னிரண்டு தூணுக்கு 6 ஜிபி. தரை, விதானம், சுவர் என்று இன்னும் ஆறு படம், ஒன்றரை ஜிபி. தூண்களின் வடிவத்துக்கு மட்டும் 2 ஜிபி. மொத்தம் ஒன்பதரை. 12 ஜிபியில் இது தாராளமாக உட்காருகிறது. 8 ஜிபியில் மிச்சமானது கணினியின் ராமுக்குப் போய்விடுகிறது, கார்டு ஒவ்வொரு முறையும் அங்கே போய் எடுத்து வர வேண்டும்.

இங்கே என் பழைய மதர்போர்டும் சேர்ந்துகொண்டது. கார்டையும் போர்டையும் இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸில் 4060 எட்டு லேன்தான் (தடம்) பயன்படுத்துகிறது, 3060 பதினாறு. நான்காம் தலைமுறை போர்டில் எட்டு லேனே நொடிக்கு 16 ஜிபி வரை தரும். என்னுடையது பி450, மூன்றாம் தலைமுறை. அதில் எட்டு லேன் என்றால் 8 ஜிபிதான். ராமிலிருந்து எடுத்து வரும் பாதையே பாதியாகிவிட்டது. பழைய போர்டில் 4060 போட நினைப்பவர்கள் இதைக் கட்டாயம் பார்த்துக்கொள்ளுங்கள். மெமரி நிரம்பாதவரை பெரிதாகத் தெரியாது, நிரம்பினால் நன்றாகவே உறைக்கும்.

4060க்கு நியாயம் செய்ய இன்னொன்றும் செய்து பார்த்தேன். பின்வரிசை எட்டுத் தூணின் டெக்ஸ்சரை 4கேவாகக் குறைத்தேன். பக்கத்தைப் பாதியாக்கினால் அளவு கால்வாசி, 64 எம்பி. ஒரேயடியாக 3 ஜிபி இறங்கிவிட்டது. இப்போது 3060இல் 9 நிமிடம், 4060இல் 6 நிமிடம் 40 நொடி. முன்னால் நிற்கும் கேமராவுக்குப் படத்தில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. நின்ற இடத்திலிருந்து ஒரே படம் எடுப்பவர்களுக்கு இதுவே போதும், 4060ஐ எடுத்துக்கொள்ளலாம். ஆனால் என் கேமரா தூண்களுக்கு நடுவே நடந்து போகிறது. தூணில் செதுக்கிய நாகபந்தத்தின் உளித்தடம் கண்ணெதிரே வர வேண்டும். அதைக் குறைக்க எனக்கு மனமில்லை.

விளையாட்டில் 4060 எதிர்பார்த்தபடியே முன்னால் நின்றது. திரைப்பதிவுக்கு, வீடியோவைச் சுருக்கும் ஏவி1 என்கோடர் அதில் இருக்கிறது, 3060இல் இல்லை. பெரும்பாலும் விளையாட்டுக்கு என்று கேட்டால் தயங்காமல் அதையே சொல்வேன்.

பழைய 3060 தேடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2022 இறுதியில் 8 ஜிபி 3060 ஒன்றும் வந்தது. பெயர் அதே, கோர் எண்ணிக்கையும் அதே, ஆனால் 128 பிட், நொடிக்கு 240 ஜிபி. பெட்டியில் 12 ஜிபி என்று இருக்கிறதா பார்த்து வாங்குங்கள்.

4060ஐத் துடைத்துப் பெட்டியில் வைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். 3060 பழைய இடத்தில் ஓடுகிறது. அடுத்த ஞாயிறு தூண்களின் உச்சியில் இருக்கும் போதிகைகளைப் படமெடுக்கப் போக வேண்டும். கீழிருந்து எடுத்ததில் அவற்றின் மேல்பக்கம் சரியாகப் பதியவில்லை. ஏணிக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.