தாமரைக்கரையில் ஓர் ஈர ராத்திரி

அந்தியூரில் வியர்த்துக் கொட்டியது. வரட்டுப்பள்ளம் அணையைத் தாண்டி பர்கூர் மலை ஏறினால் மூடுபனி; தாமரைக்கரையில் தூறல். காட்டுக்குள் நினைத்த இடத்தில் கூடாரம் அடிக்க வனத்துறை விடாது. அதனால் நண்பனின் மாமாவுடைய ராகிக் காட்டில் அடித்தோம். (எங்கள் பக்கம் மானாவாரி நிலமும் காடுதான்.)

அரிசிம்பருப்புச் சோறு பாதி வெந்திருக்கும், சடசடவென்று மழை. அடுப்பு அணைந்தது. "அட விடு மாப்ள, நின்னுரும்" என்றான் நண்பன். நின்றது, ஒரு மணி நேரம் கழித்து. ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவந்ததுதான் மிச்சம். அடிப்பிடித்த சோறுதான், ஆனால் நெய் விட்டுத் தின்றபோது யாரும் குறை சொல்லவில்லை.

விடிந்ததும் சுள்ளென்று வெயில். செம்பழுப்பில் வெள்ளைத் திட்டுகளோடு பர்கூர் மாடுகள் வரிசையாக மேய்ச்சலுக்குப் போயின. ஒன்று நின்று, காயப்போட்ட என் துண்டை மோந்து பார்த்துவிட்டுப் போனது.