ஆமைத் தாத்தா எப்படித் திரும்பி வந்தார்?

வேற்றுமொழி அனிமேஷன் படங்களுக்குத் தமிழில் வசனம் எழுதிக் கொடுப்பதுதான் பல வருடங்களாக என் பிழைப்பு. எந்தப் படத்துக்குப் போனாலும் ஒரு கேள்வி கூடவே வரும். செத்துப் போனதாக எல்லோரும் நினைத்த ஹீரோ கடைசி நிமிடத்தில் வந்து நிற்கிறானே, எப்படி வந்தான் என்று ஒரு வரியில் சொல்லிவிடலாமா? அந்த இடத்தில் சொல்லக்கூடாது என்பதுதான் இன்று என் பதில். ஆனால் ஒரு படத்தில் நானே அந்த வரியை எழுதினேன், அது இன்றும் எனக்கு உறுத்தல்தான்.

படத்தின் பெயர் வேண்டாம். ஒரு சிறுமி, அவளுக்குத் துணையாக ஒரு கிழட்டுக் கடல் ஆமை. அவள் அதைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவாள் (அது தமிழுக்காக நான் வைத்த உறவுமுறை, அதை இன்றும் சரி என்றே நினைக்கிறேன்). கதையின் முக்கால் பங்கில் ஆமை மீன்பிடி வலையில் சிக்கி ஆழத்துக்குப் போய்விடுகிறது. கடைசியில் புயலில் சிறுமியின் படகு கவிழும்போது கீழேயிருந்து ஒரு முதுகு எழும்பி அவளைத் தாங்குகிறது. மூலப்படத்தில் அந்த இடத்தில் பேச்சே கிடையாது. ஆமை மூச்சு வாங்குகிறது, அவ்வளவுதான். கழுத்தில் அறுந்த வலைத்துண்டு ஒன்று தொங்குகிறது.

டப்பிங்கில் மூச்சு என்பது நாம் புதிதாகச் செய்ய வேண்டிய விஷயம். எங்களுக்கு வரும் ஒலித்தடத்தில் இசையும் கடல் இரைச்சலும் இருக்கும், பேசியவர்களின் குரல் இருக்காது, குரலோடு சேர்ந்து அவர்களுடைய முனகல், இருமல், மூச்சு எல்லாமும் போயிருக்கும். ஆகவே ஒவ்வொரு மூச்சையும் தமிழ்க் குரல் கொடுப்பவர் திரும்ப விட்டாக வேண்டும். ஆமைக்குக் குரல் கொடுத்தவர் அறுபதைத் தாண்டிய மேடை நாடக நடிகர். நின்ற இடத்தில் மூச்சு வாங்குவது போல நடித்தால் பொய்யாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வெளியே போனார், ஸ்டுடியோவின் மாடிப்படிகளில் இரண்டு மாடி ஏறி இறங்கி வந்து நேராக மைக் முன்னால் நின்றார். இன்ஜினியர் பயந்துபோய், "அண்ணே, உக்காருங்க, தண்ணி குடிங்க" என்றார். அவர் கையைக் காட்டி ரெக்கார்டிங்கைப் போடச் சொன்னார். பதினோரு விநாடி, ஒரே டேக்.

இரண்டு நாள் கழித்துப் படத்தைப் போட்டுப் பார்த்த மேற்பார்வையாளர் அந்த இடத்தில் நிறுத்தினார். "நம்ம ஆளுங்க கேப்பாங்க சார், வலையில மாட்டினது எப்படி வந்துச்சுன்னு. ஆமையோட வாய் தெரியல, ஒரு வரி போட்டுக்கலாம்." வாய் தெரியாத ஷாட் என்றால் டப்பிங்கில் காலி மனை மாதிரி, எதை வேண்டுமானாலும் கட்டலாம். நான் கொஞ்சம் மறுத்துப் பார்த்தேன், மறுநாள் படத்தை அனுப்ப வேண்டியிருந்தது, எழுதிக் கொடுத்துவிட்டேன். "வலையை அறுத்துக்கிட்டு வந்துட்டேன் கண்ணு, இந்தத் தாத்தா உன்னை விட்டுட்டுப் போவேனா?" நடிகர் நன்றாகத்தான் பேசினார். அந்தப் பதினோரு விநாடி மூச்சு படத்திலிருந்து போய்விட்டது.

படம் வந்த முதல் ஞாயிறு காலைக் காட்சிக்குப் போனேன். என் பக்கத்து சீட்டில் ஆறு ஏழு வயது இருக்கும், ஒரு பெண் குழந்தை. முதுகு எழும்பியபோது நாற்காலியில் ஏறி நின்றுவிட்டது. வசனம் வந்ததும் உட்கார்ந்தது. அப்புறம் அம்மாவின் காதில் கேட்டது எனக்கும் கேட்டது: "அம்மா, தாத்தாவுக்கு வலிச்சிருக்குமா?"

எப்படி வந்தது என்று அந்தக் குழந்தை கேட்கவில்லை. வலைத்துண்டைத்தான் பார்த்துவிட்டதே. அதற்குத் தெரிய வேண்டியிருந்தது தாத்தா என்ன பாடுபட்டு வந்தார் என்பது. அதற்குப் பதில் அந்தப் பதினோரு விநாடியில் இருந்தது, அதன் மேல்தான் நான் வசனத்தை எழுதியிருந்தேன்.

அன்று இரவு மூலப்படத்தை முதலிலிருந்து போட்டுப் பார்த்தேன். இரண்டாவது ரீலில் ஒரு காட்சி. ஆமை கடலடியில் அசையாமல் கிடக்கிறது, சிறுமி செத்துவிட்டது என்று அழுகிறாள், அது ஒரு கண்ணை மட்டும் திறந்து, தூங்கும்போது எனக்கு மணிக்கணக்கில் மூச்சே தேவையில்லை, பதறினால்தான் உடனே மூச்சு முட்டும் என்று சலித்துக்கொள்கிறது. இது வெறும் கற்பனை இல்லை. ஓய்வில் இருக்கும் கடல் ஆமைக்கு இதயத்துடிப்பு வெகுவாகக் குறைந்துவிடும், நீருக்குள் பல மணி நேரம் அப்படியே இருக்கும். வலையில் சிக்கிப் போராடும்போதுதான் உள்ளே இருக்கும் ஆக்ஸிஜன் சீக்கிரம் தீர்ந்து மூழ்கிச் சாகிறது. சென்னைக் கடற்கரையில் வருடா வருடம் ஒதுங்கும் பங்குனி ஆமைகளில் பலவும் இழுவலையில் இப்படிச் செத்தவைதான். வலைக்குள் ஆமை ஏன் துடிக்காமல் கண்ணை மூடிக்கொண்டது, எப்படிப் பிழைத்தது என்பதற்கெல்லாம் படம் பதிலை அந்த ஒரு சலிப்பிலேயே வைத்திருந்தது. தமிழில் அந்த இடத்தில் என்ன இருந்தது? சிரிப்பு வரவேண்டும் என்று நான் போட்ட ஒரு சினிமா பஞ்ச் வசனம். தியேட்டரில் அதற்குச் சிரித்தார்கள் என்பதும் உண்மை.

ஆக, விளக்கம் தேவைப்பட்டது தமிழ் ஆட்களுக்குப் புரியாது என்பதால் இல்லை. இரண்டாவது ரீலில் நான் பிடுங்கிப் போட்டதை கடைசி ரீலில் அந்த மேற்பார்வையாளர் தேடியிருக்கிறார். டிவிக்குப் போகும் பிரதியிலாவது இரண்டு இடத்தையும் மாற்றித் தருகிறேன், காசு வேண்டாம் என்று கேட்டுப் பார்த்தேன். படம் முடிந்த படம் என்று சொல்லிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு இந்த மாதிரித் திரும்பி வருகிற காட்சிகளைக் கொஞ்சம் வெறியோடு பார்க்க ஆரம்பித்தேன். 1999இல் வந்த 'தி அயர்ன் ஜெயன்ட்' படத்தில் இரும்பு மனிதன் ஏவுகணையோடு மோதி வானத்திலேயே சிதறிப்போகிறான். கடைசியில் ராணுவம் கண்டெடுத்த ஒரே பாகம் என்று ஒரு இரும்புத் துண்டு சிறுவனிடம் வந்து சேர்கிறது. ராத்திரி அது தானாக ஜன்னல் பக்கம் நகர்கிறது, அவன் சிரித்துக்கொண்டே ஜன்னலைத் திறந்துவிடுகிறான். அப்புறம் ஐஸ்லாந்தின் பனிப்பாறை, நாலா பக்கமிருந்தும் அதை நோக்கி ஊர்ந்துபோகிற பாகங்கள். எப்படி என்று யாருக்கும் கேட்கத் தோன்றாது. ஏனென்றால் படத்தின் ஆரம்பத்திலேயே ரயில் மோதிச் சிதறிய பாகங்கள் தேடிவந்து ஒட்டிக்கொள்வதைப் பார்த்தாகிவிட்டது. கழன்று வந்த கை ஒன்று வீட்டுக்குள் திரிய, அம்மாவுக்குத் தெரியாமல் பையன் அதை மறைக்கப் படும் பாட்டுக்கு நாமே சிரித்திருக்கிறோம்.

2010இல் வந்த மூன்றாவது 'டாய் ஸ்டோரி' இன்னும் நீளமான கணக்கு. எல்லாப் பொம்மைகளும் எரியுலையை நோக்கிச் சரிந்துகொண்டிருக்க, மேலேயிருந்து ராட்சதக் கொக்கி இறங்கி அள்ளிவிடுகிறது. அதை ஓட்டுவது அந்த மூன்று கண் பச்சைப் பொம்மைகள். அவற்றுக்குக் கொக்கி என்றால் தெய்வம் என்பது 1995இல் வந்த முதல் படத்திலேயே சொல்லப்பட்ட சங்கதி. குப்பைக் கிடங்கில் இறங்கியதுமே கிரேனைப் பார்த்து அவை ஓடுகின்றன, புல்டோசர் வந்து தள்ளிக்கொண்டு போகிறது, நாமும் முடிந்தது என்று நினைத்து மறந்துவிடுகிறோம். பதினைந்து வருடம் முன்னால் போட்ட விதை. இடையில் ஒரு மொழியில் ஒருவர் அந்தக் கொக்கி வசனத்தைத் தூக்கிவிட்டு வேறு வேடிக்கை எழுதியிருந்தால் என்ன ஆகும் என்று நினைத்தாலே எனக்குக் கை நடுங்கும்.

நமக்கும் இது புதுசு இல்லை. கம்பனில் பதினான்கு வருடம் முடிகிறது, இராமனைக் காணோம், பரதன் தீயில் இறங்கப் போகிறான். அனுமன் வந்து "அய்யன் வந்தனன், ஆரியன் வந்தனன்" என்று சொல்லிக்கொண்டே கையாலேயே தீயை அணைக்கிறான். இராமன் ஏன் தாமதித்தான் என்பது நமக்கு முன்பே தெரியும், பரத்துவாச முனிவரின் ஆசிரமத்தில் விருந்துக்காகத் தங்கியிருக்கிறான். முதலில் தீ அணைய வேண்டும். நடந்த கதையெல்லாம் அப்புறம்தான்.

விதையே போடாத படங்களும் வரும். அங்கே ஹீரோ ஏன் வந்தான் என்பது மனதுக்குப் புரிந்தால் எப்படி என்பதை ஜனங்கள் பெருந்தன்மையாக விட்டுவிடுவார்கள் என்பது என் அனுபவம். அதுவும் புரியாத படத்தை டப்பிங் வரி எதுவும் காப்பாற்றியதில்லை, நான் முயன்றிருக்கிறேன்.

இப்போது எந்தப் படம் வந்தாலும் கடைசி ரீலைத்தான் முதலில் பார்க்கிறேன். அங்கே வந்து காரியம் செய்கிற பொருள், பழக்கம், வார்த்தை எதுவாக இருந்தாலும் குறித்துக்கொண்டு பின்னோக்கித் தேடுவேன். முன்னால் அது வரும் இடமெல்லாம் சிவப்பு மையில் கோடு. அந்த வரிகளில் உதட்டசைவுக்காகக்கூட அர்த்தத்தைத் தொடமாட்டேன், ஜோக் சப்பையாக இருக்கிறது என்று யார் சொன்னாலும் சரி. போன மாதம்கூட இதற்காக ஒரு மேற்பார்வையாளரோடு அரை மணி நேரம் வாதாடினேன். கடைசியில் ரீலைப் போட்டே காட்டினேன், சரி என்றார்.

அந்தப் பழைய இன்ஜினியர் சமீபத்தில் வேறு இடத்துக்கு மாறினார். பழைய ஹார்ட் டிஸ்க்குகளைப் பிரிக்கும்போது போன் செய்து, "உங்க ஆமை மூச்சு இருக்கு, வந்து கேக்குறீங்களா?" என்றார். போனேன். படம் இல்லை, இசை இல்லை, இருட்டு அறையில் அந்தப் பெரியவர் இரண்டு மாடி ஏறி இறங்கி வந்து நின்று வாங்கும் மூச்சு மட்டும். நடுவில் ஒரு இடத்தில் லேசாகத் தடுக்குகிறது, மறுபடி பிடித்துக்கொள்கிறது. முடிந்ததும் இன்னொரு முறை போடச் சொன்னேன்.