கூரைமேல் ஓர் ஆரோகணம்

எருசலேமில் கர்த்தருடைய கல்லறையருகே வேதாகமத்தின் 121ஆம் சங்கீதத்தை முழுவதும் பாட வேண்டும் என்பது அம்மாவின் பொருத்தனை. முழங்கால் ஒத்துழைக்காததால் அதை என்னிடம் ஒப்படைத்தார். எட்டே வசனம். ராகத்தையும் அவரே சொல்லிக்கொடுத்து, "டிரம்ஸ் கூச்சலில் பாடிவிடாதே" என்று எச்சரித்தும் அனுப்பினார். எச்சரிக்கை தேவையே இல்லை. கொட்டு ஓங்கினால் ஜெபம் ஓடிப்போகும் என்று ஊரெல்லாம் வாதாடியவன் நான்.

ஒலிவமரச் சிலுவை விற்பவர்கள் கல்லறை ஆலயத்தின் வாசலுக்கு முன்பே மறித்தார்கள். வேண்டாம் என்று சொல்லச் சொல்ல விலை பாதியானது, பிறகு கால்வாசியானது. உள்ளே வரிசை ஊர்ந்தது. பிரான்சிஸ்கன் துறவிகளின் பவனி மெழுகுவர்த்தியும் லத்தீன் பாட்டுமாக வந்தபோது அதுவும் நின்றுவிட்டது. ஆறு சபைகள் ஒரே கூரையின்கீழ் ஆராதிக்கும் ஆலயம் அது. ஒரு மூலையின் பாட்டு முடிவதற்குள் இன்னொரு மூலையில் வேறு பாட்டு தொடங்கும். எனக்கோ எரிச்சல்தான் ஏறியது.

இரண்டு மணி நேரம் கழித்துக் கல்லறைக்குள் குனிந்து நுழைந்தேன். பளிங்கின்மேல் கைவைத்து, "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு" என்று தொடங்கியதுதான் தாமதம், முதுகில் தட்டி வெளியே அனுப்பிவிட்டார்கள். ஒரு வசனம்கூட முடியவில்லை. அம்மாவுக்கு என்ன பதில் சொல்வேன்?

அழுகையும் கோபமுமாக, முற்றத்து ஓரத்தில் இருந்த எத்தியோப்பியச் சிற்றாலயத்தின் வழியே படியேறினேன். ஏறினால் ஆலயத்தின் கூரை. அங்கே துறவிகளின் சின்னஞ்சிறு அறைகள். வெண்சால்வை போர்த்தவர்கள் நீண்ட கோல்களில் சாய்ந்து நின்று பாடிக்கொண்டிருந்தார்கள். ஏதோ திருநாள் போலும். ஒருவர் கழுத்தில் பெரிய முரசு. ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் ஒரு பெருமூச்சு விட்டுவிடலாம், அத்தனை நிதானம். கோல்கள் அசைந்தன, உடல்கள் அசைந்தன. பாஷை புரியவில்லை. 'தாவித்' என்ற பெயர் காதில் விழுந்தது, சங்கீதக்காரன் தாவீதுதான். பிறகு 'அல்லேலூயா'. "தம்புரோடும் நடனத்தோடும்" என்று 150ஆம் சங்கீதத்தை எத்தனை தரம் வாசித்திருப்பேன்! தம்புரு என்றால் அங்கே கொட்டுதானே. வாசித்தேனே தவிர, ஒருநாளும் அதற்குக் காது கொடுத்ததில்லை, ஆண்டவரே.

சுவரோரம் நின்று முணுமுணுக்கத் தொடங்கினேன். அம்மாவின் ராகம் அந்த அடிக்குள் அடங்கவில்லை. "உன் காலைத் தள்ளாடவொட்டார்" என்ற இடத்தில் முரசு என்னைப் பிடித்து நிறுத்தியது. அதன்பின் அது விட்ட வழியில் பாடினேன். எட்டு வசனமும் முடிந்தது. மறுபடியும் பாடினேன். யாரும் முதுகில் தட்டவில்லை. முதிய துறவி ஒருவர் பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தார். ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை. கல்லறையருகே என்றுதானே பொருத்தனை, அதன் கூரை என்ன தூரமா? சங்கீதமும் ஏறிப்போகிறவர்கள் பாடும் ஆரோகண சங்கீதம்தானே!

இரவு அம்மாவை அழைத்தேன்.

"முழுதும் பாடினாயா?"

"பாடினேன் அம்மா, இரண்டு தரம்."

"நான் சொன்ன ராகத்தில்தானே?"

மேஜைமேல் விரலால் மெல்லத் தட்டியபடி பாடிக் காட்டினேன். அம்மா குறுக்கே பேசவில்லை. முடித்ததும், "அந்த மூன்றாம் வசனத்தை இன்னொரு முறை பாடு" என்றார்.