இடது காது

காது கேட்கும் திறனைச் சோதித்து வரையும் ஆடியோகிராம் தாளில், கீச்சென்ற ஒலிகளுக்கான 4000 ஹெர்ட்ஸ் பக்கம் கோடு சரேலென்று பள்ளத்தில் இறங்கி, 8000-இல் கொஞ்சம் மேலேறினால், வந்திருப்பவர் பெருஞ்சத்தத்தில் உழன்றவர் என்று ஊகிக்கலாம். அந்தப் பள்ளம் இடது காதில் மட்டும் கூடுதல் ஆழமாக இருந்தால் நான் கேட்கும் கேள்வி: "ஐயா, பட்டாளத்துல இருந்தீங்களா?"

வலது தோளில் துப்பாக்கியைப் பதித்துச் சுடுபவருக்கு இடது காதுதான் குழல்முனைப் பக்கம் இருக்கும். வலது காதை அவர் தலையே ஓரளவு மறைத்துக் காத்துவிடும். ஒரு வேட்டுச் சத்தம் 140 டெசிபலைத் தாண்டும். உட்காதின் மயிர்ச்செல்கள் செத்துப்போனால் மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை.

தொழிலுக்காக இதைப் படித்தபோது தாத்தா காலமாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. காலாட்படைக்காரர், 1971 போருக்குப் போய்வந்தவர். "அவருக்கு வேணுங்கறது மட்டும்தான் காதுல விழும்" என்பது எங்கள் வீட்டுப் பேச்சு. இப்படிக் கெட்ட காதுக்குத் தடித்த குரல் கேட்கும். பெண்கள், குழந்தைகள் பேச்சும் ச, ஸ போன்ற மெல்லிய ஒலிகளும் நழுவிவிடும். அப்பா சொன்னால் புரிந்தது, பாட்டி சொன்னால் புரியவில்லை, அவ்வளவுதான். பாட்டியிடம் விளக்கினேன். வெகுநேரம் பேசாமல் இருந்தவர், "இத்தனை வருஷமா வீம்புன்னுல்ல நெனச்சுட்டேன்" என்றார். தாத்தாவின் மெடல்களைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காத்தவர்கள் நாங்கள். அவர் காதைப் பற்றி ஒருவரும் விசாரித்ததில்லை. எனக்கு இன்றும் ஆறாதது அது.

என் தொழிலே படைவீரர்களிடமிருந்து வந்ததுதான். இரண்டாம் உலகப் போரில் செவி கெட்டுத் திரும்பியவர்களுக்காக அமெரிக்க ராணுவ மருத்துவமனைகளில் நடந்த மறுவாழ்வுப் பணியிலிருந்துதான் செவித்திறனை ஆராயும் ஆடியாலஜி தனித்துறையாக வளர்ந்தது. அந்தப் பணியில் இருந்த ரேமண்ட் கார்ஹார்ட்டைத் துறையின் தந்தை என்பார்கள்.

போன மாதம் ஒரு முன்னாள் ஹவில்தார் மகளோடு வந்தார். "எத்தனை தடவை சொன்னாலும் காதுல வாங்கறதில்ல மேடம்" என்றார் மகள், அவருடைய இடப்பக்கம் உட்கார்ந்தபடி. தாளைக் காட்டி, துப்பாக்கி பிடிக்கும் விதத்தையும் கையால் காட்டினேன். பெரியவர் தானே எழுந்து நின்று, இல்லாத துப்பாக்கியைத் தோளில் வைத்துச் சரிபார்த்துக்கொண்டார். மகள் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அப்பாவின் வலப்பக்கம் போய் உட்கார்ந்தார்.

எங்கள் தாத்தா சாப்பிட உட்காரும்போது வரிசையின் இடக்கோடியைத்தான் பிடிப்பார். நாங்கள் எல்லோரும் அவருக்கு வலப்பக்கம் இருப்போம்.