வாசல்வரை போய்த் திரும்பியவர்கள்

கல்லூரியில் மாணவர் ஆலோசனை மையம் இருக்கிறதா என்பதைவிட, அதற்குள் முதன்முறை நுழைவது எவ்வளவு கடினம் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. முதலாண்டில் கணிதத்தில் பின்தங்கியிருந்த நான், அந்த அறைவரை இரண்டு முறை போய், பதிவேட்டில் ‘வந்த காரணம்’ என்றிருந்த கட்டத்தைப் பார்த்ததும் பேனாவை வைத்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். படிப்பைப் பாதியில் விடுவதற்கு மதிப்பெண் மட்டுமல்ல, ஆசிரியரோடும் சக மாணவரோடும் ஒட்டுறவு ஏற்படாமல் போவதும் காரணம் என்று அமெரிக்கக் கல்வியாளர் வின்சென்ட் டின்டோ 1975-இலேயே விளக்கினார். ஆனாலும், உதவி வேண்டுபவர் தாமே தேடி வரட்டும் என்றுதான் பல நிறுவனங்கள் இன்றும் காத்திருக்கின்றன. தடுமாறுபவரே கேட்கத் தயங்குவார் என்பது திட்டமிடுபவர்களுக்கு ஏனோ எட்டுவதில்லை. இரண்டு வாரம் வகுப்புக்கு வராதவரை ஆசிரியர் தொலைபேசியில் அழைத்து விசாரிக்கப் பெரிய நிதி தேவையில்லை; அவர் பொறுப்பில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதுதான் சிக்கல்.