பாட்டி சுட்டாள், காகம் பறந்தது: மகளுடன் தமிழ் இலக்கணம் படித்த அனுபவம்

மொரீஷியஸில் எங்கள் வீட்டுப் பேச்சு கிரியோல்தான். தமிழ் என் மகளுக்குப் பள்ளியில் விருப்பப் பாடம். நாலாம் வகுப்பில் அவள் "பாட்டி வடை சுட்டான்" என்று எழுதியதைப் பார்த்துக் கோபப்பட்டேன். அப்புறம் யோசித்தபோதுதான் காரணம் புரிந்தது.

கிரியோலில் அவன், அவள், அது எல்லாமே 'லி'. யார் சாப்பிட்டாலும் 'மான்ஸே'தான். நேற்று சாப்பிட்டதென்றால் 'தி', நாளைக்கென்றால் 'பு' என்று முன்னால் ஒரு சொல் சேரும். தமிழிலோ காலமும் ஆளும் வினையின் பின்பகுதியில் ஒட்டிக்கொள்கின்றன: படித்தேன், படிக்கிறாய், படிப்பாள். பிள்ளை சொல்லின் முன்னால் தேடுகிறது, விடை பின்னால் இருக்கிறது.

அட்டவணையை மனப்பாடம் செய்ய வைத்துப் பார்த்தேன். மறுநாளே மறந்துவிட்டாள். கைகொடுத்தது பாட்டி வடை சுட்ட கதை. வடையை அவளுக்குத் தெரியும், நம் ஊர் மிளகாய் வடையான காத்தோ பிமாவின் சொந்தம்தானே! நரிதான் இந்தத் தீவில் இல்லை, படம் காட்டினேன்.

கதையின் வினைச்சொற்களை மட்டும் எழுதி, "யார்?" என்று கேட்டேன். 'சுட்டாள்' என்றதும் பாட்டி என்றாள். 'பறந்தது', காகம். 'கேட்டது' வந்ததும் நின்றுவிட்டாள். காகமா, நரியா? அஃறிணையில் ஆண்பால், பெண்பால் கிடையாது. ஒன்றா, பலவா என்பது மட்டும்தான் என்று அங்கேதான் அவளுக்கு விளங்கியது. 'சுட்டார்' என்று மரியாதையாக எழுதினாலும் சரி என்பதையும் சொல்லிவைத்தேன்.

இலக்கணத்தோடு கதையின் கூறுகளையும் கேட்டுப் பழக்கலாம். கதைமாந்தர், இடம், காலம், முடிவு ஆகியவை எளிதாக வந்துவிடும். 'கிளையில்', 'மரத்தடியில்' என்று இடத்தைச் சொல்லும்போது 'இல்' உருபும் கூடவே பழகிவிடும். பிள்ளைகள் தடுமாறுவது கதையின் சிக்கல் எது என்று சொல்வதில்தான். "யாருக்கு என்ன வேண்டும்? ஏன் கிடைக்கவில்லை?" என்று கேளுங்கள். நரிக்கு வடை வேண்டும், அது காகத்தின் வாயில் இருக்கிறது என்ற பதிலை எதிர்பார்த்தேன். மகளோ, "சிக்கல் பாட்டிக்குத்தான் அம்மா, வடை அவளோடது" என்றாள். அதுவும் சரியான விடைதான். காரணம் சொல்லத் தெரிந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள்.

தேர்வுக்கு ஒரு வழி. "காகம் எங்கே உட்கார்ந்தது?" என்ற கேள்வியில் 'எங்கே'யை எடுத்துவிட்டு அதே இடத்தில் 'கிளையில்' என்று வையுங்கள். முழு விடை கிடைத்துவிடும். காலமும் விகுதியும் கேள்வியிலேயே இருக்கின்றன. தொடக்கப்பள்ளியின் இறுதித் தேர்வான ஆறாம் வகுப்பு பி.எஸ்.ஏ.சி. தேர்வுக்கும் இப்படித்தான் பழகுகிறோம். கேள்வியில் 'நீ' வந்தால் மட்டும் கவனம்: "நீ என்ன படித்தாய்?" என்றால் "நான் கதை படித்தேன்".

இப்போதும் "காகங்கள் வந்தது" என்று எழுதிவிடுகிறாள். அதனால் இந்த வாரம் கதையில் இன்னும் இரண்டு காகங்களைச் சேர்த்திருக்கிறோம்.