கோத்தகிரி ஏற்றம்: சைக்கிளில் போனால்தான் தெரியும்

நீலகிரி மலைக்குச் சைக்கிளில் போக நினைப்பவர்களுக்கு எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். குன்னூர் ரோட்டை விடுங்கள், கோத்தகிரி ரோட்டைப் பிடியுங்கள். மேட்டுப்பாளையத்தில் பவானி ஆற்றைத் தாண்டிய பிறகு ரோடு பிரியும். சுற்றுலாக் கார்களில் பெரும்பாலானவை கல்லாறு, பர்லியார் வழியாகக் குன்னூருக்குப் போய்விடும். கோத்தகிரிப் பக்கம் திரும்பிவிட்டால் ரோடு உங்களுடையது. வார நாளாக இருக்க வேண்டும், கோடை சீசனாக இருக்கக் கூடாது. சீசனில் ஊட்டியிலிருந்து இறங்கும் வண்டிகளையெல்லாம் இந்த வழியாகத்தான் திருப்பிவிடுவார்கள், அப்போது சைக்கிளோடு இந்தப் பக்கம் வரவே வேண்டாம். நானும் என் அண்ணன் மகனும் போனது பொங்கல் கூட்டம் வடிந்த பிறகு.

எப்படிப் போவது, எங்கே சாப்பிடுவது, எவ்வளவு ஆகும் என்று வரிசையாகத்தான் எழுத நினைத்தேன். ஆனால் கோவையில் ஏறிய வண்டியின் டிரைவர் மீது இருக்கிற கோபம் இன்னும் ஆறவில்லை. அதை முதலில் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் முப்பத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். லாரியும் பஸ்ஸும் முட்டி மோதுகிற ரோடு, சைக்கிள் ஓட்டி ரசிக்க அதில் ஒன்றுமில்லை. அதனால் வாடகை சைக்கிள் இரண்டையும் ஒரு குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். பேசிய வாடகை 1,300 ரூபாய். வழியில் அண்ணன் மகன் வாய் சும்மா இருக்காமல், "எங்க அத்தை ஹாலந்துல இருக்காங்க" என்று டிரைவரிடம் சொல்லிவிட்டான். மேட்டுப்பாளையத்தில் இறங்கியதும் கணக்கு மாறிப் போச்சு. "பேசுனது வண்டிக்குங்க, சைக்கிளுக்குத் தனி. திரும்பக் காலியாத்தானே போகோணும்?" 2,000 கேட்டார். நான் மறுத்ததும், "வெளிநாட்டுல இருக்கிறவங்களுக்கு இதெல்லாம் ஒரு காசுங்களா?" என்றார்.

இந்தக் கேள்வியைத்தான் என்னால் பொறுக்க முடிவதில்லை. நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரத்தில் குடியேறிப் பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. சம்பளம் யூரோவில் வருகிறது, சரி. வீட்டு வாடகை, ஆளுக்கொரு மருத்துவக் காப்பீடு, பள்ளி விட்ட பிறகு மகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்துக்குக் கட்டும் பணம் எல்லாமும் யூரோவில்தானே போகிறது? ஊருக்கு வர விமான டிக்கெட் எடுத்தாலே ஆறு மாதச் சேமிப்பு காலி. பேசிய கூலிக்கு மேல் கேட்பது யாரிடம் கேட்டாலும் தப்புதான். கால் மணி நேரம் மல்லுக்கட்டி 300 ரூபாய் கூடக் கொடுத்துத் தீர்த்தேன். விடியற்காலையில் மலையடிவாரத்தில் நின்று சண்டை போட வேண்டியிருந்ததே என்றுதான் அதிக வருத்தம். வாடகை பேசும்போதே சைக்கிள் எத்தனை, திரும்பும் தூரத்துக்கு உண்டா இல்லையா என்று கேட்டு போனில் எழுதி அனுப்பி வைத்துவிடுங்கள்.

நெதர்லாந்தில் அலுவலக நேரம் தவிர மற்ற நேரங்களில் தனி டிக்கெட் எடுத்துச் சைக்கிளை ரயிலிலேயே ஏற்றிவிடலாம், மடக்கு சைக்கிளுக்கு அதுவும் வேண்டாம். கோவை – மேட்டுப்பாளையம் ரயிலில் அப்படி ஒரு பெட்டியில் பாதி இடம் ஒதுக்கினால் இந்த மலையடிவாரம் சைக்கிள்காரர்களால் நிறைந்துவிடும். நான் சத்தியமாக நம்புகிறேன்.

நெதர்லாந்தில் எனக்குச் சைக்கிள் என்பது செருப்பு மாதிரி, வாசலைத் தாண்டினால் அதுதான். மகளைப் பள்ளிக்கு விடுவது, அரிசி மூட்டை வாங்குவது, மழைக்கால்சட்டையை மேலே மாட்டிக்கொண்டு வேலைக்குப் போவது எல்லாம் அதில்தான். உட்ரெக்ட் ரயில் நிலையத்துக்கு அடியில் 12,500 சைக்கிள் நிறுத்தும் இடம் 2019-இல் முழுதாகத் திறந்தது. ஒரு சுற்று சுற்றினால்தான் இடம் கிடைக்கும் நாட்களும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்காக ஆற்றங்கரைகளில் நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் ஓட்டுவேன். ஆனால் அந்த நாடு சப்பட்டை. ஏற்றம் என்று எங்களுக்கு இருப்பது எதிர்க்காற்று மட்டும்தான். நெதர்லாந்தின் ஐரோப்பிய நிலப்பரப்பில் மிக உயரமான இடம் வால்ஸர்பெர்க், 322 மீட்டர். மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டே ஏறக்குறைய அந்த உயரத்தில் இருக்கிறது. அந்த நாடு முடிகிற உயரத்தில்தான் நம்ம மலை ஆரம்பிக்கிறது!

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி 33 கிலோமீட்டர், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரம். கணக்குப் போட்டால் நூறு மீட்டர் போவதற்குள் நாலரை மீட்டர் ஏறுகிறோம். கொல்லும் ஏற்றம் இல்லை, ஆனால் நடுவில் ஓய்வே இல்லாத ஏற்றம். பின்சக்கரத்தில் 34 பல் உள்ள பெரிய பல்சக்கரம் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்து வாடகைக்கு எடுங்கள். கடைக்காரர் "இருபத்தோரு கியருங்க" என்பார். எத்தனை கியர் என்பதில் ஒன்றுமில்லை, மிக லேசான கியர் எவ்வளவு லேசானது என்பதுதான் உங்கள் முழங்காலைக் காப்பாற்றும். டிஸ்க் பிரேக் இல்லாத சைக்கிளை இலவசமாகக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள். வாடகை ஒரு நாளுக்கு 600 சொன்னார்கள், இரண்டு சைக்கிள், மூன்று நாள் என்று பேசி 500-க்குக் கொண்டுவந்தோம்.

நன்றாக வெளிச்சம் வந்த பிறகுதான் ஏற ஆரம்பிக்க வேண்டும். குஞ்சப்பனை, முள்ளூர் பக்கம் யானை நடமாட்டம் உள்ள காடு. பலாப்பழக் காலத்தில் பழம் தேடி ரோட்டுக்கே வரும். எதிரில் வந்த பைக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி, "மேல ரெண்டாவது வளைவுல காலையில நின்னுச்சுங்க, இப்ப உள்ள போயிருச்சு, பேசாம போயிருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வளைவில் ரோடு முழுக்கப் பச்சை லத்தி, இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது. நானும் பையனும் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஹாரன் பற்றிச் சொல்ல வேண்டும். உட்ரெக்டில் ஒரு கார் நம்மைப் பார்த்து ஹாரன் அடித்தால் அது திட்டு. ஊருக்கு வந்த முதல் வாரம் ஒவ்வொரு ஹாரனுக்கும் எனக்குத் தூக்கிப்போடும். மலை ரோட்டில் அது அப்படியே தலைகீழ். வளைவுக்கு மேலே பஸ் இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் காதுக்குத் தெரிகிறது. நீளமாக ஒரு ஹாரன் வந்தால் பஸ், இறங்குகிறது, வளைவில் முழு ரோடும் அதற்கு வேண்டும், நீ ஓரம் கட்டிவிடு. பின்னாலிருந்து சின்னதாக இரண்டு தட்டு வந்தால் தாண்டப் போகிறேன் என்று அர்த்தம். அரை மணி நேரத்தில் இது பழகிவிட்டது. பஸ் டிரைவர்கள் தங்கம். எங்கள் பின்னாலேயே முதல் கியரில் பொறுமையாக உருட்டிக்கொண்டு வந்து, வளைவு நிமிர்ந்த பிறகுதான் தாண்டினார்கள். டிஎன் 43 நம்பர், அதாவது நீலகிரிக்காரர்களின் வண்டிகளும் அப்படித்தான். தொல்லை கொடுத்ததெல்லாம் கீழேயிருந்து வந்த சுற்றுலாக் கார்கள். மலை ரோட்டில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதலில் வழி விட வேண்டும், அது விதி. சைக்கிளும் வண்டிதான் என்பது அவர்களுக்கு உறைக்கவே இல்லை. ஒரு வெள்ளைக் கார் என் கைப்பிடிக்கு ஒரு சாண் தள்ளிப் போனது, உள்ளேயிருந்து ஒருவர் போனில் எங்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வருகிற வண்டிகளுக்கு இ-பாஸ் இருக்கிறது. 2025 கோடையில் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று உச்சவரம்பும் வைத்தார்கள். நல்ல காரியம். இதோடு ரோட்டின் ஓரக்கோட்டுக்கு வெளியே ஒரு முழம் தார் போட்டுக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். தனிப்பாதை வேண்டாம், மலையை வெட்ட வேண்டாம். இப்போது கோடு முடிகிற இடத்தில் தாரும் முடிந்து பள்ளம் ஆரம்பிக்கிறது, ஒதுங்குவதற்கு இடமே இல்லை.

மாமரம் என்ற ஊரைத் தாண்டி ஒரு டீக்கடை. சைக்கிளைச் சாய்த்து வைத்ததுமே கடைக்கார அண்ணன் கேட்டார், "எதுக்குங்க விழிப்புணர்வு?" பிளாஸ்டிக் ஒழிப்பா, பெண் கல்வியா, ரத்த தானமா என்று பக்கத்தில் இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். "ஒண்ணும் இல்லீங்கண்ணா, ஓட்டணும்னு ஆசை, வந்தோம்" என்றேன். யாரும் நம்பவில்லை. நாற்பதைத் தாண்டிய பொம்பளை ஒருத்தி காரணமே இல்லாமல் மலை ஏறுவாளா? எனக்கு இந்த விசாரிப்பு ரொம்பப் பிடித்திருந்தது. உட்ரெக்டில் நான் ஓட்டுகிற தூரத்தைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை, எல்லாரும் ஓட்டுகிறார்கள், அதில் கேட்க என்ன இருக்கிறது? இங்கே டீக்கு வர்க்கி தொட்டுச் சாப்பிடுவதற்குள் என் வயசு, ஊர், மாமியார் வீடு, பிள்ளை எத்தனை எல்லாம் கேட்டு முடித்துவிட்டார்கள். ஊட்டி வர்க்கிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததை அந்த அண்ணன்தான் பெருமையாகச் சொன்னார். அவருக்கு அரை ஏக்கர் தேயிலையும் இருக்கிறது. பச்சைத் தேயிலைக்கு வருகிற விலை பறிகூலிக்கே பற்றவில்லை என்று சொல்லும்போது மட்டும் முகம் மாறியது.

அரவேனு வருவதற்குள் பையனின் பின்டயர் காற்று இறங்கிவிட்டது. ஸ்பேர் டியூப் பையில் இருந்தது, ஆனாலும் பஞ்சர் கடை கண்ணில் பட்டதால் தள்ளிக்கொண்டு போனோம். பெரியவர் ஒருவர் டியூபை வெளியே எடுத்து, கரும்பச்சைத் தண்ணீர் நிறைந்த பாதிச் சட்டியில் முழம் முழமாக அமுக்கிக்கொண்டே வந்தார். குமிழி வந்த இடத்தில் பேனாவால் ஒரு கூட்டல் குறி போட்டார். உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷனைத் தடவி, வாயால் ஊதிக் காயவைத்து, ஒட்டு வைத்து சுத்தியலின் பிடியால் தட்டினார். அதோடு விடவில்லை. டயரின் உள்பக்கம் விரலை மெதுவாக ஓட்டி, நகம் அளவு கூட இல்லாத கம்பித் துண்டைப் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தார். அதைப் பார்க்காமல் மாட்டியிருந்தால் அடுத்த வளைவிலேயே மறுபடியும் போயிருக்கும். கூலி ஐம்பது ரூபாய். உட்ரெக்டில் இதே வேலைக்குச் சைக்கிளைக் கடையில் விட்டுவிட்டு மறுநாள் வரச் சொல்வார்கள், பதினைந்து யூரோவுக்குக் குறையாது. நான் நூறு கொடுத்தேன், அவர் மீதி ஐம்பதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். காலையில் பார்த்த குட்டியானைக்காரர் இவரைப் பார்க்க வேண்டும்.

சாப்பாட்டு நேரத்துக்குக் கோத்தகிரி. மார்க்கெட் பக்கம் ஒரு சின்ன மெஸ், நாலே மேசை. பட்டர் பீன்ஸ் குழம்பு! தோல் உரித்த பெரிய பெரிய கொட்டை, உள்ளே வெண்ணெய்யாக வெந்து, வெளியே உடையாமல், தேங்காயும் சோம்பும் அரைத்துவிட்ட குழம்பில் மிதக்கிறது. கூடவே கோலிக்குண்டு அளவு மலை உருளைக்கிழங்கைத் தோலோடு வறுத்தது, கேரட் பொரியல், மிளகு தூக்கலாகப் போட்ட ரசம். நெதர்லாந்திலும் உருளைக்கிழங்குதான் எல்லாம், அவித்து மசித்துத் தட்டில் வைப்பார்கள். பதினைந்து வருடமாகச் சாப்பிட்டும் எனக்கு அதில் மனசு ஒட்டவில்லை. பரிமாறிய அக்கா, "மிதிச்சு வந்திருக்கீங்க கண்ணு, கணக்குப் பாக்காம சாப்பிடுங்க" என்று குழம்பை மூன்றாவது முறை ஊற்றினார். ஆளுக்கு 100 ரூபாய். அந்தச் சாப்பாட்டுக்காகவே இன்னொரு தடவை ஏறுவேன்.

தங்கியது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், 1,200 ரூபாய் ரூம். வெந்நீர் வந்தது, ஜன்னல் சரியாக மூடவில்லை, அவ்வளவுதான் அதைப் பற்றி. மாவட்டத்தில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் விற்கத் தடை. ஸ்டீல் பாட்டில் இரண்டு கொண்டுபோய்விட்டால் நாணயம் போடும் தண்ணீர் இயந்திரத்தில் நிரப்பிக்கொள்ளலாம்.

மறுநாள் கோடநாடு காட்சிமுனை, ஒரு பக்கம் 18 கிலோமீட்டர். தேயிலைக்கு நடுவில் மேலும் கீழுமாகப் போகிற ரோடு. ஒரு எஸ்டேட் சரிவில் காட்டெருமைகள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. பக்கத்திலேயே அம்மாக்கள் இலை பறிக்கிறார்கள், அதுவும் நிமிரவில்லை, இவர்களும் நிமிரவில்லை. முனையிலிருந்து மாயாறு பள்ளத்தாக்கும் பவானிசாகர் பக்கத் தண்ணீரும் தெரிந்தன. ஊட்டிக்கு இன்னும் 29 கிலோமீட்டர்தானே அத்தை என்று பையன் கெஞ்சினான். நான் போகவில்லை. சைக்கிளில் வந்து ஊட்டி நெரிசலில் நிற்பதற்கு ஒரு அவசியமும் இல்லை.

இறக்கம் பற்றி ஒன்றே ஒன்று. பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வராதீர்கள், சூடேறிப் பிடிமானம் குறைந்துவிடும். வளைவுக்கு முன்னால் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், வளைவில் விடுங்கள். காலையில் இறங்கினால் விரல் மரத்துப் போகும், கையுறை கட்டாயம். குஞ்சப்பனையில் நின்று டிஸ்க்கை ஆறவிட்டோம், அங்கிருந்து கீழே வரும்போது ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு சட்டையைக் கழற்றலாம் போல வெயில் ஏறிக்கொண்டே வந்தது.

திரும்பும்போது மேட்டுப்பாளையம் காய்கறி மண்டியில் விசாரித்தோம். உருளைக்கிழங்கை இறக்கிவிட்டுக் கோவைக்குக் காலியாகத் திரும்பும் ஒரு வண்டி 600 ரூபாய்க்கு எங்களையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டது, இறங்கும்போதும் அதே 600 தான். ஆக வண்டி, சைக்கிள் வாடகை, ரூம் இரண்டு ராத்திரி, சாப்பாடு எல்லாம் சேர்த்து இரண்டு பேருக்கு எட்டாயிரத்துக்கு மேல் ஆனது. போகும்போதே மண்டி வண்டி கிடைத்தால் இன்னும் ஆயிரம் மிச்சம்.

அடுத்து ஊருக்கு வரும்போது காரமடையிலிருந்து வெள்ளியங்காடு, கெத்தை வழியாக மஞ்சூர் ஏற வேண்டும். 43 கொண்டை ஊசி வளைவு, கோத்தகிரி ரோட்டை விடச் செங்குத்து, யானையும் அதிகம். பையன் வரமாட்டேன் என்கிறான். வேறு யாராவது துணைக்கு வருவதாக இருந்தால் சொல்லுங்கள், கட்டாயம் 34 பல் வேண்டும்.